அவரைக் கூட்டிப் போகத்தான் நானும் போனேன்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பங்குனி மாதத்தில் ஒரு காலை. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருவது மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். ஒன்பது மணிக்கே பாத்திகளில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. நான் சுற்று வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிற வேலையில் இருக்கிறேன். யாருக்காவது டெஸ்ட் எடுக்க வேண்டியிருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பதும் என் வேலைதான். ஆள் வீட்டில் இல்லையென்றால் உப்பளத்துக்கே ஸ்கூட்டியை விட்டுவிடுவேன். எல்லோருக்கும் நான் 'மாத்திரை அக்கா'.

அன்றைக்கு ஒருத்தரைப் பிடித்தே தீருவது என்று போயிருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய உப்பளத் தொழிலாளி. புகையிலையை எந்நேரமும் கன்னத்தில் அடக்கி வைத்திருப்பார். அந்தக் கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் படை மாதிரி வந்து, இரண்டு மாதமாகக் காரம் சாப்பிட முடியாமல் இருந்தார். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள் என்று நான் நாலு முறை சொல்லிவிட்டேன். நாலு முறையும் தலையை ஆட்டினார், போகவில்லை.

வரப்பில் நடந்து பாதி தூரம் போயிருப்பேன். திடீரென்று வயிற்றைத் திருகிப் பிடித்தது. எனக்கு அந்தத் திருகல் பழக்கமானது. இன்னும் இரண்டு மூன்று நிமிஷம்தான் நேரம் என்று தெரியும். சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் பாத்தி, தண்ணீர், உப்புக் குவியல். ஒரு செடி மறைவு கூட இல்லை. பத்து இருபது ஆண்கள் வேலை பார்க்கிற இடம். அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தத் தொழிலாளியின் மனைவி தலையில் உப்புக் கூடையோடு எதிரில் வந்துகொண்டிருந்தாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். அதுவரை அவளோடு நான் நின்று பேசியதே கிடையாது. என் முகத்தைப் பார்த்தாள். கூடையை வரப்பிலேயே இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்து விறுவிறுவென்று இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் இறைக்கிற மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, பழைய புடவை சுற்றிய ஒரு மறைப்பு இருந்தது. அங்கே வேலை பார்க்கிற பெண்கள் தங்களுக்காகத் தாங்களே கட்டிக்கொண்டது. என்னை உள்ளே விட்டுவிட்டு, ஒரு பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன், அது அவர்கள் இரண்டு பேரும் நாள் முழுக்கக் குடிப்பதற்காக வீட்டிலிருந்து சுமந்து வந்த தண்ணீர். உப்பளத்தில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? குடம் காலியாக இருந்தது. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"அது கெடக்கட்டும் அக்கா, உக்காருங்க" என்று கொட்டகை நிழலில் என்னை உட்கார வைத்தாள். பிறகு கேட்டாள். "இது இன்னைக்கு மட்டும்தானா, எப்பவுமே இப்படித்தானா?"

எத்தனையோ பேர் இதைக் கேட்டிருக்கிறார்கள். 'நேத்து வெளியில சாப்பிட்டது ஒத்துக்கல' என்று சொல்லிச் சமாளிப்பது எனக்கு அத்துப்படி. அவளிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரை எனக்குக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறவளிடம் எப்படிப் பொய் சொல்வது?

சொன்னேன். இருபத்து மூன்று வயதில் மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. மூலம் என்று நினைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்ல வெட்கப்பட்டு, ஆறு மாதம் மறைத்தேன். உடம்பு பாதியாக இளைத்த பிறகுதான் டாக்டரிடம் போனது. அல்சரேடிவ் கொலைடிஸ் என்றார்கள். பெருங்குடலின் உள்பக்கம் முழுக்கப் புண்ணாகிற நோய். வந்தால் முழுசாகப் போகாது, ஆனால் மாத்திரையில் அடங்கியிருக்கும். எனக்கும் அடங்கியது. கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தாள், எல்லோரையும் போல வாழ்ந்துகொண்டிருக்கிறேன். எப்போதாவது ஒரு நாள் இப்படி மானத்தை வாங்கும்.

"அதுக்கு டெஸ்ட்டு எதுவும் இல்லியா அக்கா?" என்றாள்.

இருக்கிறது. இந்த நோய் வந்து ஏழெட்டு வருஷம் ஆனபோதே டாக்டர் சொல்லியிருந்தார். குடல் ரொம்ப நாள் புண்ணாகி ஆறி, புண்ணாகி ஆறி இருந்தால் அதில் புற்றுநோய் வருவதற்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக வாய்ப்பு உண்டு, அதனால் உடம்பு நன்றாக இருந்தாலும் ஒரு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று. இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் ஒன்றும் இல்லை. அப்புறம் கொரோனா வந்தது, தள்ளிப் போட்டேன். கொரோனா போனது, அப்போதும் தள்ளிப் போட்டேன். முந்தின நாள் லிட்டர் கணக்கில் மருந்துத் தண்ணீர் குடித்துக் குடலைக் கழுவுகிற கொடுமை ஒரு காரணம். பின்பக்கமாகக் குழாய் விடுகிறார்களே என்கிற வெட்கம் ஒரு காரணம். நல்லா இருக்கிறதைப் போய் ஏன் கிளற வேண்டும் என்கிற நினைப்புதான் பெரிய காரணம். ஆறு வருஷம் ஓடிவிட்டது. மாத்திரையைக்கூட ஞாபகம் வந்தால் போடுவேன், இல்லையென்றால் இல்லை. ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறவளின் லட்சணம் இது.

அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். அப்புறம் சொன்னாள். "அப்ப நீங்களும் எங்க வீட்டுக்காரரு மாதிரிதான்."

கிண்டலாகச் சொல்லவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. ஒரே தெருவில் வீடு என்று கண்டுபிடித்தவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். அதனால்தானோ என்னவோ, சுருக்கென்று பட்டது.

அந்த நேரம் பார்த்து அவரே தண்ணீர் குடிக்க வந்தார். குடம் காலி. மனைவி விஷயத்தைச் சொல்லாமல், "கொட்டிடிச்சு, பக்கத்துப் பாத்திக்காரங்ககிட்ட வாங்கிக் குடிச்சிக்கோ" என்றாள். நான் வந்த வேலையை ஆரம்பித்தேன். வாய்ப்புண்ணை இப்படி விடக்கூடாது, ஒரு துண்டு எடுத்துப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், பயப்பட வேண்டாம் என்று வழக்கமான பேச்சு.

அவர் பொறுமையாகக் கேட்டார். "தெரிஞ்சிக்கினு என்னம்மா பண்றது? தெரியாத வரைக்கும் வேலைக்குப் போறேன், சாப்பிடறேன், தூங்கறேன். தெரிஞ்சிட்டா இதெல்லாம் போயிடும்" என்றார்.

ஆறு வருஷமாக எனக்குள் இருந்ததை யாரோ எடுத்து வெளியே வைத்தது மாதிரி இருந்தது.

மனைவிதான் பேசினாள். "அக்காவும் ஒரு டெஸ்ட்டுக்குப் போவணுமாம். ஆறு வருஷமா போவலயாம். ரெண்டு பேரும் ஒண்ணா போயிட்டு வாங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மெய்தானாம்மா?"

"ஆமாண்ணா."

"அப்ப நீ போ. நீ போனா நான் வர்றேன்."

சரி என்றேன். உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த 'சரி' எனக்காகச் சொன்னதல்ல. எப்படியோ மனுஷன் இறங்கி வந்துவிட்டார், இந்தச் சாக்கில் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் சொன்னேன். என் டெஸ்ட் பேருக்கு. அவருடையதுதான் முக்கியம். அவர் வாயைப் பார்த்தவரைக்கும் எனக்கு நம்பிக்கையே இல்லை.

அடுத்த வாரம் நாங்கள் மூன்று பேரும் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினோம். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தார். வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பொம்மையார்பாளையம் தாண்டும்போது மட்டும் என் பக்கம் குனிந்து, "உனக்கு எந்தப் பக்கமா குழாய் விடுவாங்க?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கு வாயிதான்" என்றார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் கொஞ்சம் தெளிந்தார்.

அவருக்கு அன்றைக்கே ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். என்னைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். என்னைவிடச் சின்ன வயசு. பழைய ரிப்போர்ட்டை எல்லாம் புரட்டிவிட்டு, கடைசியாக எப்போது குழாய் விட்டு ஸ்கோப் பார்த்தீர்கள் என்றார். ஆறு வருஷம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

"என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

சொன்னேன். டாக்டர் மறுபடி எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்புறம் நிதானமாக விளக்கினார். "இப்ப தொந்தரவு அதிகம் இல்லைங்கறது நல்லதுதான். ஆனா உள்ள மாற்றம் ஏதாவது வந்தா ஆரம்பத்துல வலி இருக்காது, ரத்தம் வராது. அதனாலதான் நல்லா இருக்கும்போதே பாக்கச் சொல்றோம். உங்களுக்கு நோய் குடல் முழுக்க இருந்திருக்கு, பதினெட்டு வருஷமும் ஆச்சு. நிறைய பேருக்கு ஒண்ணும் வராது. யாருக்கு வரும்னு பாக்காம எங்களுக்கும் தெரியாது."

பத்து நாள் கழித்து ஸ்கோப்புக்குத் தேதி கொடுத்தார்கள்.

அதற்குள் உப்பளத்துக்காரருடைய ரிசல்ட் வந்துவிட்டது. மனைவி போன் பண்ணினாள். புற்றுநோய் இல்லை. ஆனால் புகையிலையை இன்றைக்கே விட வேண்டும், விடாவிட்டால் அது புற்றுநோயில்தான் போய் முடியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நடுரோட்டில் ஸ்கூட்டியை நிறுத்திக்கொண்டு அவளோடு கால் மணி நேரம் பேசினேன்.

போனை வைத்ததும் எனக்குள் முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? வேலை முடிந்துவிட்டது, இனிமேல் நான் ஸ்கோப்புக்குப் போக வேண்டியதில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எனக்குச் சாக்கும் ரெடியாக இருந்தது. மோட்டார் காயில் கட்டுகிற என் கணவருக்கு அந்த வாரம் திண்டிவனத்தில் விட முடியாத வேலை. ஸ்கோப்புக்கு மயக்க ஊசி போடுவார்கள் என்பதால் துணைக்கு ஆள் இல்லாமல் போகக்கூடாது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவே பண்ணிவிட்டேன். கணவரிடம் தேதியைக்கூட நான் சொல்லவில்லை.

ஸ்கோப்புக்கு இரண்டு நாள் முன்னால் உப்பளத்துக்காரர் மனைவி மறுபடி போன் பண்ணினாள். "வியாழக்கெழம உங்களுதுதானே?" துணைக்கு ஆள் இல்லை, தள்ளிப் போட்டிருக்கிறேன் என்றேன். "நான் வர்றேன்" என்றாள். உனக்கு வேலை கெடும் என்றேன். "ஒரு நாள் வாரலன்னா உப்பு எங்க ஓடிடப் போவுது" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.

குடலைக் கழுவுகிற மருந்தைக் குடித்துவிட்டு மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் போக முடியாது. அதனால் முந்தின நாளே பெரிய முதலியார்சாவடியில் இருக்கிற என் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டேன். நாத்தனார் காலையிலேயே வேலைக்குப் போகிறவள்; அவளிடம் சும்மா ஒரு வயிற்று டெஸ்ட் என்று மட்டும் சொல்லிவைத்தேன். அந்த மருந்துத் தண்ணீரின் உப்புக் கரிப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. காலை ஆறு மணிக்கு உப்பளத்துக்காரர் மனைவி வாசலில் வந்து நின்றாள். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறாள்.

ஸ்கோப் அறையில் நான் அரை மயக்கத்தில் இருந்தேன். முன்பு இரண்டு முறை பார்த்தபோது சீக்கிரம் முடிந்தது. இந்த முறை முடியவே இல்லை. நடுவில் டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டது காதில் விழுந்தது. ஏதோ நீல மருந்து தெளிக்கச் சொன்னார். திரையைப் பார்த்தேன். என் குடலின் சுவர் நீலமாக நனைந்திருந்தது, அதில் ஒரு இடம் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

மயக்கம் தெளிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் அவளைப் பார்த்து, "தங்கச்சியா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் "ஆமாங்க" என்றாள்.

குடலின் வலது பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தட்டையாக ஒன்று இருந்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. நீல மருந்து தெளித்ததால்தான் ஓரம் தெளிவாகத் தெரிந்தது. அதை முழுசாக எடுத்துவிட்டார்கள். சுற்றிலும் மற்ற இடங்களிலும் கூடத் துண்டுகள் எடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் மேற்கொண்டு சொல்ல முடியும். ஒருவேளை மாற்றம் பல இடத்தில் இருந்தாலோ, முற்றியிருந்தாலோ பெருங்குடலையே எடுக்க வேண்டி வரலாம், ஆனால் இப்போதைக்கு அதை நினைக்க வேண்டாம் என்றார். நினைக்க வேண்டாம் என்று சொன்ன பிறகு வேறு எதை நினைப்பது?

அன்றைக்குச் சாயங்காலம்தான் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "ஆறு வருஷமா கேக்கும்போதெல்லாம் எல்லாம் சரியா இருக்குன்னுதானே சொன்ன" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து போய், பீரோ மேலே தூசி படிந்து கிடந்த என் மாத்திரை டப்பாவை எடுத்துத் துடைத்து, சாப்பாட்டு மேசையில் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தார்.

ரிசல்ட்டுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்த நாட்களிலும் நான் வேலைக்குப் போனேன். யார் வீட்டில் பிரஷர் பார்த்தாலும், அளவைக் குறிக்க மறந்து மறுபடி ஒருமுறை பட்டையைச் சுற்றினேன். பத்தாம் வகுப்பு படிக்கிற என் மகளுக்கு முழுசாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் தினமும் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு நாள்கூட அந்த உப்பளத்துக்காரர் மனைவி ரிசல்ட் வந்ததா என்று கேட்கவில்லை. சாயங்காலமானால் போன் பண்ணி, "சாப்பிட்டீங்களா அக்கா?" என்பாள். சாப்பிட்டேன் என்பேன். அவ்வளவுதான்.

ரிசல்ட் வாங்க என் கணவர் கூட வந்தார். டாக்டர் பேப்பரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிமிஷம், எனக்குக் காதுக்குள் ஏதோ இரைந்தது. பிறகு சிரித்தார்.

"புற்றுநோய் இல்லம்மா."

எடுத்த இடத்தில் இருந்தது ஆரம்ப நிலை மாற்றம். அப்படியே விட்டிருந்தால் பின்னால் புற்றுநோயாக மாறியிருக்கக் கூடியது. ஓரம் வரைக்கும் சுத்தமாக வந்துவிட்டது. வேறு எங்கேயும் எதுவும் இல்லை. ஒருத்தர் பார்த்தது போதாது என்று இன்னொரு நிபுணரும் பார்த்து அதையேதான் சொல்லியிருக்கிறார். குடலை எடுக்க வேண்டியதில்லை. சில மாதத்தில் மறுபடி ஒரு ஸ்கோப், அதற்கப்புறம் வருஷா வருஷம். மாத்திரை தினமும்.

இன்னும் இரண்டு மூன்று வருஷம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் கணவர் கேட்டார். "சொல்ல முடியாது சார். விடலியே, அதைப் பாருங்க" என்றார் டாக்டர்.

வெளியே வராந்தாவில் வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசிதான் வந்தது. பன்னிரண்டு நாளாகச் சாப்பிட்டது எதுவும் நாக்கில் ஏறவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எதிரில் இருந்த ஓட்டலில் போய்ச் சுடச்சுட நாலு இட்லி, ஒரு வடை, அதற்கு மேல் ஒரு நெய் தோசை சாப்பிட்டேன். எதிரில் உட்கார்ந்திருந்த என் கணவர் தன் இட்லியைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில்தான் தண்ணீர் நின்றது.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு போன் பண்ணினேன். பின்னால் லாரிச் சத்தம், ஆட்கள் சத்தம். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அப்புறம் வழக்கமான குரலில், "சரிக்கா, லோடு ஏத்தினு இருக்கோம், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டுக்காரர் நம்பரிலிருந்து போன் வந்தது. அவர் அதுவரை எனக்கு போன் பண்ணியதே இல்லை. "ஏம்மா, இவ இங்க உப்புக் குவியல் மேல உக்காந்து அழுதுனு இருக்கா. நீ நல்லாதான இருக்க?" என்றார். நல்லா இருக்கிறேன் என்றேன். எத்தனையோ வருஷமாகச் சொல்லி வந்த பதில்தான், அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தெரிந்து சொன்னேன்.

அதற்கப்புறம் எனக்கு மூன்று முறை ஸ்கோப் பார்த்தாகிவிட்டது. மூன்று முறையும் சுத்தம். அவர் புகையிலையை விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்றால் எண்பது சதவீதம். கன்னத்தில் இப்போது கிராம்பு இருக்கும், சில நாள் என்னைப் பார்த்ததும் திரும்பி நின்று எதையோ துப்புவார். நான் பார்க்காத மாதிரி போய்விட்டு அவர் மனைவியிடம் சொல்லிவிடுவேன். அவர் காட்ட வேண்டிய தேதியை நான் ஞாபகம் வைத்திருக்கிறேன். என்னுடையதை அவள் வைத்திருக்கிறாள்.

என் வேலையிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் டெஸ்ட்டுக்கு வர மறுக்கிறவர்களை மிரட்டுவேன். 'உங்க நல்லதுக்குத்தான சொல்றேன், புரிய மாட்டேங்குதே' என்று கோபப்படுவேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்கிறேன், என் கதையையும் சொல்கிறேன். துணைக்கு ஆள் இல்லை என்று யாராவது சொன்னால் லீவு போட்டுவிட்டு நானே கூடப் போகிறேன்.

அவரைக் காப்பாற்றுகிறோம் என்கிற பெருமையில் பஸ் ஏறியவள் நான். காப்பாற்றப்பட வேண்டியவளே நான்தான் என்பதை அவர் மனைவி எனக்கு முன்னால் தெரிந்துகொண்டு, அதை ஒருநாளும் சொல்லிக் காட்டாமல் கூடவே வந்தாளே, அந்த மனசு எனக்கும் கொஞ்சமாவது வந்திருக்கிறதா என்றுதான் ஒவ்வொரு வீட்டுக் கதவைத் தட்டும்போதும் இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.